யானைக்கும் காசநோய் வருமா?



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் விலங்குகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "சார், எங்க தாத்தாவுக்கு வந்த டிபி யானைக்கும் வருமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

வரும். மனிதனைத் தாக்கும் அதே கிருமிதான் வளர்ப்பு யானையின் நுரையீரலையும் அரிக்கிறது. பெரும்பாலும் மனிதனிடமிருந்தே அதற்குத் தொற்றுகிறது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வளர்ந்த யானையின் நெஞ்சு அவ்வளவு கனம்; எக்ஸ்ரே எடுக்க இயலாது. ஆகவே தும்பிக்கைக்குள் உப்புநீரை ஊற்றி, யானை அதை ஊதித் தள்ளும்போது பையில் பிடித்து, கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் பார்ப்பார்கள். அன்றைக்குக் கிருமி வெளியே வராவிட்டால் ஒன்றும் அகப்படாது.

இன்னொரு வழி இரத்தச் சோதனை. காதின் பின்புறம் சிறிது இரத்தம் எடுப்பார்கள். கிருமி உள்ளே நுழைந்திருந்தால், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருள் இரத்தத்தில் இருக்கும். சோதனை அட்டையில் கோடு விழும். சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆனால், கோடு விழுந்ததும் நோய் முற்றிவிட்டது என்று பொருளல்ல; கிருமி தொட்டிருக்கிறது, மேலும் சோதிக்கவேண்டும் என்பதே பொருள்.

2012-இல் தீபகற்ப மலேசியாவில் ஆறு இடங்களில் 63 வளர்ப்பு யானைகளையும் 149 பராமரிப்பாளர்களையும் சோதித்தார்கள். யானைகளில் 20.4 விழுக்காட்டிலும், பராமரிப்பாளர்களில் 24.8 விழுக்காட்டினரிடமும் கிருமி தொட்ட அடையாளம் இருந்தது. அப்படித் தெரிந்த யானைகளில் மூன்றின் தும்பிக்கை நீரில் காசநோய்க் கிருமியின் தடயமும் இருந்தது. ஏழு யானைகளின் நீரில் அது இல்லை. இரத்தம் சோதிக்காதிருந்தால் அந்த ஏழும் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

யானையும் பாகனும் அருகருகே மூச்சு விடுகிறார்கள். நம் லயத்து வாழ்க்கையும் அப்படித்தானே? அந்தப் பையனின் தாத்தா, ஊர் என்ன சொல்லுமோ என்று மூன்று மாதம் இருமலை மறைத்தார். பேரனை மடியில் வைத்துக்கொண்டே இருமினார். பிறகு ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். இப்போது நலமாக இருக்கிறார். பேரனையும் சோதித்துப் பார்த்தார்கள், நல்லவேளை, ஒன்றுமில்லை.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்குக்குப் போய்ச் சளியைச் சோதியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யானை வாயில்லா ஜீவன். அதன் நோயை இரத்தம்தான் சொல்லவேண்டும். நமக்கு வாய் இருக்கிறது. சொல்லிவிடுவோமே!