மங்கு மறையலாம், சிறுநீரகம் கெட்டால்?
செம்பனைத் தோட்டத்திலும் கட்டுமானத் தளத்திலும் வெயிலில் உழைப்பவர்களுக்குக் கன்னத்தில் மங்கு படிவது சகஜம். ஒரே வாரத்தில் போக்கிவிடுவதாகச் சொல்லும் கிரீம்கள்தான் ஆபத்து. பாதரசம் கலந்தவற்றைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது பெயரிட்டுத் தடை செய்தும் இணைய விற்பனை ஓயவில்லை.

கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்.

மங்குக்கு ஹைட்ரோகுயினோன் மருந்து உண்டு. மருத்துவர் கண்காணிப்பில்தான் பூச வேண்டும். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிரீம் வாங்குமுன், அதன் அறிவிக்கை எண்ணைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். வெயிலுக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லையென்றால், மறைந்த மங்கு திரும்பவும் வரும்.