ருசி பார்ப்பவரும் தோட்டக்காரரும்

ஒரு மிடறு மதுவை வாயில் வாங்கி, நாக்கின்மேல் இப்படியும் அப்படியும் புரட்டி, கடைசியில் துப்பிவிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு என்று சொன்னால், என் வகுப்புப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆயினும் பிரெஞ்சு தேசத்தின் மேற்கே, அட்லாண்டிக் கடற்காற்றுப் படும் போர்தோ பிரதேசத்தில் வருஷந்தோறும் வசந்த காலத்தில் இக்காரியம் வெகு சிரத்தையாக நடைபெறுகிறது. முந்திய அறுவடையின் மது பீப்பாயில் இருக்கும்போதே தேசாந்தரங்களிலிருந்து நிபுணர்கள் வந்து அதற்கு மார்க்குப் போடுகிறார்கள்.

அங்கே தோர்தோஞ் நதியின் வடபுறத்திலுள்ள ஸேந்த் எமிலியோன், பொமரோல் ஆகிய ஊர்களின் சிவப்பு மதுவில் பெரும்பகுதி மெர்லோ என்னும் திராட்சையின் ரஸம். அதனுடன் கபர்னே ஃப்ரான், சில தோட்டங்களில் கபர்னே ஸாவின்யோன் என்ற இனங்களும் சேரும். நிபுணர் முதலில் கிண்ணத்தைச் சாய்த்து நிறம் பார்ப்பார். பிறகு சுழற்றி முகர்வார். அதன் பின்னரே வாயில் விடுவார். ப்ளம் பழத்தின் மணமும், நாவில் வழுக்கும் மென்மையும் மெர்லோவின் கொடை. ஈறுகளைப் பற்றும் துவர்ப்பு, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. அதை உறுதிப்படுத்துபவை கபர்னே இனங்கள். அவை சரியாகப் பழுக்காத குளிர்ந்த வருஷங்களில், பச்சைக் குடைமிளகாயின் வாசனை எட்டிப் பார்க்கும்.

கலப்பு என்றதும் பாலில் தண்ணீர் கலப்பவரின் ஞாபகம் நமக்கு வருவது சகஜம். இந்தக் கலப்போ நாவின் இன்பத்துக்காக மட்டும் பிறந்ததன்று. குளிருக்கும் மழைக்கும் அஞ்சியவர்களின் முன்யோசனையும் அதில் அடங்கியிருக்கிறது. மெர்லோ சீக்கிரம் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும். ஆகவே, இலையுதிர் கால மழைக்கு முன்பே பழம் வீடு வந்து சேர்ந்துவிடும். ஆனால் வசந்தத்தில் உறைபனி விழுந்தால் முதலில் கருகுவதும் அதன் துளிரே. கபர்னே ஸாவின்யோன் துளிர்ப்பதும் தாமதம், பழுப்பதும் தாமதம். ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று காப்பாற்றும் என்பதே தோட்டக்காரரின் கணக்கு.

அந்தக் கணக்கும் சில வேளைகளில் பொய்த்துப் போகிறது. 1956 பிப்ரவரியின் கொடுங்குளிரில் இவ்வூர்களில் ஏராளமான கொடிகளே பட்டுப்போயின. 2017 ஏப்ரல் தொடக்கத்தில் நிபுணர்கள் வந்து 2016-ஆம் வருஷத்து மதுவை வாயாரப் புகழ்ந்து சென்றார்கள். அதே மாதக் கடைசியில் உறைபனி இறங்கிற்று. அவ்வருஷம் போர்தோவின் உற்பத்தி முந்திய வருஷத்தைவிடச் சுமார் 40 சதவீதம் குறைந்தது.

இப்பொழுது உஷ்ணமும் சேர்ந்து சோதிக்கிறது. வெயில் மிகுந்தால் மெர்லோவில் சர்க்கரை ஏறி, மதுவின் வேகமும் ஏறிவிடுகிறது. அதனால் 2021-இல் போர்தோவுக்கு ஆறு புதிய இனங்கள் பரீட்சார்த்தமாக அனுமதிக்கப்பட்டன. போர்த்துகல் நாட்டின் டூரிகா நாஸியோனால் அவற்றுள் ஒன்று. கலப்பில் அவை 10 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. பழைய முன்யோசனையே புதிய பயத்துக்கும் மருந்தாகிறது.

ஒரு வருஷத்து உழைப்பை ஒரு நிமிஷத்தில் அளந்து மார்க்குப் போடும் நிபுணரை நான் குறை கூறப் போவதில்லை. என் மேஜைமேல் திருத்தவேண்டிய விடைத்தாள்கள் குவிந்து கிடக்கின்றன. எந்தப் பிள்ளையின் தோட்டத்தில் எந்த இரவு உறைபனி விழுந்ததென்று விடைத்தாள் சொல்வதில்லை. மார்க்குப் போடுமுன் நினைத்துப் பார்க்க வேண்டியவர் நாம்தாம்.