கட்டமும் பாவனையும்

பிக்ஸல் கலை என்ற பெயரில் இன்று குவிவதில் பெரும்பகுதி கலை அல்ல, மோஸ்தர். சொன்னால், பழைய வீடியோ கேம்களின் எளிமையை ரஸிக்கத் தெரியாதவன் என்கிறார்கள். எளிமை என்று யார் சொன்னது? 1981ல் 'டாங்கி காங்' ஆட்டத்துக்காக ஷிகெரு மியாமோட்டோ ஒரு தச்சனை வரைந்தார். பின்னால் மாரியோ என்று உலகப் பிரசித்தி பெற்றவன். குதிக்கும்போது மயிர் பறப்பதைக் காட்டப் புள்ளிகள் போதவில்லை, தொப்பி வைத்தார். வாய்க்கு இடமில்லை, மூக்கின் கீழ் மீசை வந்தது. கை வீசுவது உடம்போடு கலந்து மறையாதிருக்க, சட்டைக்கு ஒரு நிறம், மேலே மாட்டிய ஓவரால்ஸுக்கு வேறு நிறம். அந்த முகம் நெருக்கடியில் எடுத்த முடிவுகளின் தொகுப்பு. அதைக் கொஞ்சுகிறவர்களுக்கு மீசைதான் தெரிகிறது.

1978ல் டோமோஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இன்னும் நல்ல உதாரணம். சுடச்சுட எதிரிகள் குறைகிறார்கள், மிஞ்சியவர்கள் வேகமெடுக்கிறார்கள். இது முன்கூட்டித் திட்டமிட்டதல்ல. வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததும் இயந்திரத்தின் பாரம் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். அந்த ஆட்டத்தின் பீதியே அதில்தான் இருக்கிறது.

இன்றைய பிக்ஸல்காரர் கையில் கோடிக்கணக்கான நிறங்கள். அவர் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுப்பது குற்றமல்ல, ஆனால் அந்தக் கட்டம் அவரை எதிலும் மறிப்பதில்லை. தளை தட்டாத வெண்பாவை இன்றும் எழுதித்தள்ளும் வித்வான்களை நாம் சிரித்து ஒதுக்கினோமே, அதே சங்கதி. இதில் வேடிக்கை, இவர்கள் ஏங்கும் பழமை இருந்ததே இல்லை. அன்றைய குழாய்த் திரையில் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து மங்கின. அந்தக் கசிவை நம்பியே பலர் நிழலும் வளைவும் வரைந்தார்கள். கத்தியால் வெட்டிய மாதிரியான இந்தச் சதுரம் தட்டைத்திரைக் காலத்துச் சரக்கு.

கியோம் ரெய்மோன் செய்ததைப் பாருங்கள். 2006ல் ஸ்விட்ஸர்லாந்தில் ஓர் அரங்கின் நாற்காலி வரிசைகளையே திரையாக்கி, நிறநிறமாய்ச் சட்டை போட்ட மனிதர்களைப் புள்ளிகளாக உட்காரவைத்தார். ஒரு புகைப்படம், எல்லோரும் எழுந்து அடுத்த இருக்கைக்கு, இன்னொரு புகைப்படம். இப்படி ஸ்டாப்-மோஷனில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' முழுவதும். எவரும் முந்தைய படத்தில் இருந்த மாதிரியே அடுத்ததில் இருப்பதில்லை. தோள் சரிகிறது, தலை திரும்புகிறது. ஒவ்வொரு புள்ளியும் நடுங்குகிறது. கட்டம் மறுபடி முரண்டு பிடிக்கிறது. சுடப்பட்ட புள்ளி ஓர் ஆள் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

உழைப்பை அளந்து கலையை எடைபோடுகிறாய் என்பார்கள். இல்லை. தீக்குச்சியில் தாஜ்மஹால் கட்டுகிறவனும்தான் உழைக்கிறான். பாட்ரிக் ழானின் 'பிக்ஸல்ஸ்' (2010) கணினியில் ஆன குறும்படம்; ஆனாலும் நியூயார்க் கட்டம் கட்டமாய்ச் சிதைந்து கடைசியில் பூமியே ஒற்றைக் கனசதுரமாய்ச் சுருங்கும்போது அதில் ஒரு சிந்தனை இருக்கிறது. அதை வாங்கி 2015ல் ஹாலிவுட் எடுத்த முழுநீளப் படத்தில் மிஞ்சியது அசட்டுச் சிரிப்பும் நடுவயது ஆண்களின் பால்ய ஏக்கமும்.

தானாக ஏற்ற தளையும் தளைதான், அது கடிக்கிற பட்சத்தில். லூக்காஸ் போப் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018) ஆட்டத்தை இரண்டே நிறங்களில் செய்தார். பார்வை திரும்பும்போதெல்லாம் புள்ளிகள் கண்ணைக் கூசவைத்துக் கொப்பளித்தன. அவற்றைக் காட்சியோடு ஒட்டி நிறுத்தும் வழியைத் தேடி மன்றாட வேண்டியிருந்தது அவருக்கு. மன்றாட ஒன்றுமே இல்லாதவர்கள் தங்கள் சதுரங்களைப் பனியனிலும் காப்பிக் கோப்பையிலும் அச்சடித்து விற்கட்டும். அதற்கு நம்மிடம் விமர்சனம் கேட்டு வரவேண்டாம்.