‘சூன்’ என்றால் எப்போது?

இங்கிலீஷில் ‘சூன்’ என்று ஒரு சின்னஞ்சிறு வார்த்தை உண்டு. அதற்குச் ‘சீக்கிரம்’ என்று அர்த்தம் எழுதி வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமல்ல. சீக்கிரம் எழுந்தான், சீக்கிரம் நடந்தான், சீக்கிரம் வருவான் என்று தமிழில் மூன்றிடத்திலும் ஒரே சொல் போதும். இங்கிலீஷிலோ முதலாவதற்கு ‘எர்லி’, இரண்டாவதற்கு ‘பாஸ்ட்’, மூன்றாவதற்கே ‘சூன்’.

இவ்வார்த்தையின் பூர்வ கதை இன்னும் வேடிக்கையானது. ஆயிரம் வருஷங்களுக்கு முன் இது ‘சோனா’ என்று வழங்கிற்று. அப்போது அதன் பொருள் ‘இந்தக் கணமே’ என்பதுதான். ‘அனான்’, ‘பிரஸண்ட்லி’, ‘பை அண்டு பை’ ஆகியவையும் ஒரு காலத்தில் ‘உடனே’ என்றே பொருள்பட்டன. 1611-ல் வெளியான இங்கிலீஷ் பைபிளில் ‘பை அண்டு பை’ அந்தப் பழைய பொருளிலேயே வருகிறது. பிறகு இவை யாவும் ‘சற்றுப் பொறுத்து’ என்றாகிவிட்டன. காரணம் என்ன? ‘இந்தக் கணமே’ என்றவர்கள் தாமதித்தே வந்தார்கள். அகராதி, அவர்கள் சொன்னதை விட்டு, நடந்ததை எழுதிக்கொண்டது! ‘அஸ் சூன் அஸ்’ என்னும் தொடரில் மட்டும் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது.

இதற்காக வெள்ளைக்காரனைப் பார்த்து நாம் சிரிப்பதற்கில்லை. திண்ணையை விட்டு அசையாமலே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறவர்கள் அல்லவா நாம்?

தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பினியார் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது 1690-ல். அன்று முதல் கடலூருக்கும் இங்கிலீஷுக்கும் உறவு. இப்போது கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசத்தில் மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற் பிரதேசங்களைக் கணக்கிட்டபோது கடலூரும் அவற்றில் ஒன்றாயிற்று. இப்படிப்பட்ட இடத்தில் குடிதண்ணீருக்காக மனுச் செய்கிறவனுக்கு ‘சூன்’ என்று பதில் வந்தால், அது வெறும் இலக்கண விஷயமாகுமா? எந்த நாளையும் குறிக்காத சொல் எவரையும் கட்டுப்படுத்தாது.

ஆகையால் மாணவர்களுக்கு நான் சொல்லும் விதி இது: பிறருக்கு வாக்களிக்கும்போது ‘சூன்’ என்று எழுதாதீர்கள்; தேதியை எழுதுங்கள். பிறர் ‘சூன்’ என்று எழுதினால், மரியாதையுடன் தேதியைக் கேளுங்கள். இழந்த அர்த்தத்தை அகராதிக்காரரால் மீட்க முடியாது. சொன்ன நாளில் சொன்னதைச் செய்கிறவர்களாலேயே முடியும்.