ஆபத்து வந்தபோது தர்மம் எங்கே?

விடியற்காலையில் மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் நின்று பார்ப்பவருக்கு இந்த வட்டாரத்தின் கதை முழுவதும் விளங்கிவிடும். தகப்பன் கையில் மண்வெட்டி. மகள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஒரே குடும்பத்தில் பாதி நிலத்திலும் பாதி ஆலையிலும் உழைக்கிறது. ஆகவே ஆலையில் தீப்பிடித்தால் அந்தச் சூடு வயல் வரப்பு வரை வருகிறது.

ஆலையில் ஆபத்து நேர்ந்த முதல் மணி நேரத்தில் முதலாளி என்ன செய்கிறான்? யாருக்கு முதலில் தகவல் சொல்கிறான்? இந்தக் கேள்வியை இன்று நாம் எழுப்புகிறோம். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே தனி இலாகா வைத்திருக்கின்றன. "நெருக்கடி நிர்வாகம்" என்று அதற்குப் பெயர். அதில் நெறிமுறை என்ற பாடமும் உண்டாம். நல்லது. அந்த நெறி யாருக்கு வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

நம் வாசலில் நடந்தவை

2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை காலை. ஓசூருக்கு அருகே கூத்தனப்பள்ளியில், ஐபோனுக்குப் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெருந்தீ மூண்டது. ஷிப்டில் இருந்த சுமார் 1,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். புகையால் சிலருக்கு மூச்சுத் திணறியது, உயிர்ச்சேதம் இல்லை. ஆலை முழுமையாகத் திரும்பும் வரை எல்லோருக்கும் சம்பளம் தரப்படும் என்று கம்பெனி அறிவித்தது. நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்கவில்லை. ஆனால் சம்பளத்தோடு கணக்குத் தீர்ந்துவிடுமா? தீ ஏன் மூண்டது, மறுபடி மூளாதிருக்க என்ன செய்யப்பட்டது என்பதை அந்தப் புகையை விழுங்கியவர்கள் அல்லவா முதலில் அறிய வேண்டும்!

2025 நவம்பரில், அதே ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியில், குளியலறையில் மறைத்து வைக்கப்பட்ட காமிரா கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடிரவாக வெளியே வந்து போராடினார்கள். போலீஸ் கைது செய்தது. கைதானவர்கள் செய்தது அவர்கள் குற்றம்; சந்தேகமில்லை. ஆனால் வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்த பெண்களை ஒரே கூரையின் கீழ் தங்க வைக்கும்போது, அவர்கள் மானத்தைக் காக்கும் பொறுப்பும் தங்க வைத்தவனிடம்தான் இருக்கிறது.

பெரிய கம்பெனிகளாவது அறிக்கை விடுகின்றன. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 2023 ஜூலை 29 அன்று பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் மாண்டார்கள். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில், அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று பட்டாசுக் கடை எரிந்தது. 14 பேர் கருகிச் செத்தார்கள். சாவு அதோடும் நிற்கவில்லை. அவர்களில் பலர் தீபாவளிச் சமயத்தில் நாலு காசு சம்பாதிக்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போன இளைஞர்கள். அங்கே நெருக்கடி நிர்வாகமும் இல்லை, நெறிமுறைப் பாடமும் இல்லை. வெளியே ஓட வழிகூட இல்லை!

மாத்திரைக்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதி

நிர்வாகக் கல்லூரிகளில் ஒரு கதையைத் தவறாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1982-ல் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலினால் என்ற வலி மாத்திரையில் எவனோ சயனைடு கலந்துவிட்டான். ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கியது. 10 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். உண்மையை ஒளிக்கவில்லை. ஆகவே கம்பெனியின் பெயர் நிலைத்தது. இதுதான் பாடம்.

இதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவு, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. வாயுவைக் குளிர வைக்கும் இயந்திரத்தைச் செலவு மிச்சம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவை எரிக்கும் கோபுரம் பழுதுக்காகக் கழற்றப்பட்டுக் கிடந்தது. உறங்கிய குடிசை மக்கள் ஓடி ஓடி விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தவித்தபோது, இது கண் எரிச்சல் தரும் வாயுதான் என்று கம்பெனித் தரப்பு சொன்னது! சர்க்கார் கணக்குப்படியே ஆயிரக்கணக்கில் சாவு.

அறியாமல் நடந்ததா? இல்லை. 1981 டிசம்பரிலேயே அந்த ஆலையில் விஷவாயுவுக்கு ஒரு தொழிலாளி பலியானார். தொழிற்சங்கம் எச்சரித்தது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982 முதல் எழுதி எழுதி எச்சரித்தார். யாரும் செவிசாய்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளிதான் வேண்டுமென்றே தண்ணீரைக் கலந்துவிட்டான் என்றது!

கம்பெனித் தலைவர் ஆண்டர்சன் டிசம்பர் 7-ந் தேதி கைதானார். அன்றே ஜாமீனில் விடப்பட்டார். சர்க்கார் விமானத்தில் அனுப்பி வைக்கப்பட்டார். விசாரணைக்கு வராமலே 2014-ல் செத்தார். இந்திய சர்க்கார் கேட்ட நஷ்டஈடு 330 கோடி டாலர். 1989-ல் ஒப்புக்கொண்டது 47 கோடி டாலர். 2010-ல் ஏழு இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டு தண்டனை, அன்றே ஜாமீன். ஆலையில் கிடந்த விஷக்கழிவு போபாலைவிட்டு வெளியேற 2025 ஆரம்பம் வரை, நாற்பது ஆண்டு ஆயிற்று.

வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒப்பிடத்தான் வேண்டும். மாத்திரை வாங்குகிறவன் நாளை வாங்காமல் விட்டால் கம்பெனி விழும். போபால் குடிசைவாசி எதை வாங்காமல் விடுவான்? தன்னை அசைக்கக்கூடியவனிடம் முதலாளி தர்மம் பேசுகிறான். அசைக்க முடியாதவனிடம் வக்கீலை அனுப்புகிறான்.

"மனிதாபிமானம்" என்ற வார்த்தை

நம் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடியைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் 7.4 டன் கண்ணாடி கிடந்ததை மக்கள் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் தொழிலாளிகள் உடல்நலக் கேட்டைச் சொன்னபோது, வேலையால் வந்ததல்ல என்று கம்பெனி மறுத்தே வந்தது. 15 ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதுவும் எப்படி? "மனிதாபிமான அடிப்படையில்" என்றார்கள்! குற்றத்தை ஒப்பாமல் கொடுப்பதற்குப் பெயர் பிச்சை. பட்ட கஷ்டத்துக்குக் கிடைக்க வேண்டியது உரிமை. இரண்டும் ஒன்றல்ல.

பெண்கள் காட்டிய பாதை

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்களுக்கு விடுதிச் சாப்பாடு விஷமாயிற்று. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நம் ஓசூர் வழியே ஓடும் அதே சென்னை-பெங்களூர் சாலைதான்! ஆலை நின்றது. அதன்பின்தான் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரத்துக்குக் குறைந்தவை என்று ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. முந்தைய நாள் வரை அந்த விடுதி யார் கண்ணுக்கும் தெரியவில்லையா?

எல்லா முதலாளியும் கொடியவனா என்று கேட்கலாம். கேள்வி அதுவல்ல. நல்லவனும் லாபக் கணக்குக்குக் கட்டுப்பட்டவன். வெளியிலிருந்து ஒரு கை பிடிக்காவிட்டால் பாதுகாப்புச் செலவில்தான் முதலில் கத்தரி விழும். கம்பெனி கெட்டால் வேலை போகுமே என்பார்கள். உண்மையை மறைத்ததால் போபாலில் வேலை நிலைத்ததா? கொடைக்கானலில் நிலைத்ததா? இரண்டு ஆலையும் மூடித்தான் கிடக்கின்றன.

போபால் ரத்தத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான ஆலைகளில் ஆபத்தைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளிக்குச் சமபங்கு, ஆபத்தை உணர்ந்தால் எச்சரிக்கும் உரிமை என்றெல்லாம் வந்தன. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தை அகற்றிவிட்டது. மின்சாரம் உள்ள ஆலையில் 10 பேர் இருந்தால் சட்டம் என்பது 20 பேர் என்று ஆயிற்று. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆயிற்று. சின்னப் பட்டறையில் சாகிறவனுக்கு யார் பொறுப்பு?

நாம் கேட்பது அதிகமல்ல. விபத்து நடந்தால் பத்திரிகைக்கு முன் தொழிலாளிக்குத் தகவல் வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும். விசாரணையில் தொழிலாளிப் பிரதிநிதி இருக்க வேண்டும்; அறிக்கை ஆலை வாசலில் ஒட்டப்பட வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சிகிச்சையும் சம்பளமும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் உண்டு என்று எழுதித்தர வேண்டும். ஆபத்தைச் சொன்னவன் வேலையை இழக்கக் கூடாது. கிணறும் ஏரியும் கெட்டால் கிராமத்துக்குச் சொல்ல வேண்டும்.

தர்மம் மேலிருந்து மழைபோல் பெய்வதில்லை. கிணறு வெட்டி இறைப்பதுபோல் இறைக்க வேண்டும். மண்வெட்டி பிடித்த தகப்பனும் அடையாள அட்டை மாட்டிய மகளும் ஒரே சங்கக் குரலில் கேட்கட்டும். அப்போது ஆபத்து வந்த முதல் மணி நேரத்திலேயே உண்மை வெளியே வரும்!