தேங்காய்க் கணக்கும் தண்டல் கணக்கும்

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவில் தேங்காய் விற்ற ஒரு பிள்ளையிடம், நாலு காய் என்ன விலை என்று கேட்டார்கள். ஒரு காய் 35 குரூசெய்ரோ. மூன்று காய் 105 என்பது விற்று விற்று நாக்கில் நின்ற எண். அதோடு 30 சேர்த்து 135; மிச்சத்தையும் சேர்த்து 140 என்று சொல்லிவிட்டது.

பிறகு ஒருநாள் அதே பிள்ளையிடம் தாளைக் கொடுத்து 35-ஐ 4-ஆல் பெருக்கச் சொன்னார்கள். நாலஞ்சு இருபது, கைமீதி 2. அந்த இரண்டை முதலிலேயே மூன்றோடு கூட்டி ஐந்தாக்கி, ஐநாலு இருபது என்று எழுதியது. விடை 200! தெருவில் 200 கேட்டிருந்தால் வாங்க வந்தவர் விட்டிருப்பாரா? தாளில் அப்படிச் சண்டைபிடிக்க ஆளில்லை.

டெரெசினியா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இது. பிள்ளைகள் ஐந்தே பேர். வயது 9 முதல் 15. தெருவில் கேட்ட 63 கணக்குகளில் 98 சதவீதம் சரி. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஐந்து பேர் போதுமா என்று கேட்கலாம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்து, 2025-ல் 'நேச்சர்' இதழில் எழுதியதும் இதைத்தான். கூடவே, வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறியதையும் கண்டார்கள்.

உடனே நாம் ஏட்டுச் சுரைக்காயைப் பழிக்கக் கிளம்பிவிடுவோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மூர்ச் சந்தையில் காய்க்காரம்மா வாங்கும் தண்டல் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று பேர். பிடித்தம் போகக் கையில் வருவது 8,500 என்று வையுங்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். முக்கால் கிலோ கத்தரிக்காயின் விலையைக் கண்ணிமைப்பதற்குள் சொல்கிறவருக்கு, இது பதினைந்து வட்டியாகத்தான் தெரியும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. முழு அசலும் நூறு நாள் அவர் கையில் இருப்பதில்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். இதை மனக்கணக்காகப் போட முடியாது. தாள் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும்.

அதனால்தான், "ஸ்டெப் போடல, மார்க் கிடையாது" என்று மனக்கணக்கில் வந்த சரியான விடையை அடித்து, பிள்ளையைத் தாளிலிருந்தே விரட்டும் சிவப்பு மையைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. எப்படிப் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் பிள்ளை சொல்லும். அந்த வழியிலிருந்தே ஆசிரியர் தாளுக்கு அழைத்துப் போகலாம். வட்டிப் பாடம் நடத்தும்போது இந்தத் தண்டலைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். தண்டல் கட்டும் வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே இருப்பார்கள்; தினம் எத்தனை மணிக்கு ஆள் வசூலுக்கு வருவார் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.