இளம் வீரரை நகர்த்தும் கைகள்

கொல்கத்தா கால்பந்தில் எந்தத் தகராறு வந்தாலும் முதல் வசவு ஏஜென்டுக்குத்தான். பையனுக்கு ஆசை காட்டினான், மனதைக் கலைத்தான், நன்றாக ஆடிக்கொண்டிருந்தவனைக் கிளப் மாற்றிக் கெடுத்தான் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அண்மையில் அந்த நகரத்தை உலுக்கிய மிகப் பெரிய மாற்றல் தகராறின் தீர்ப்பை எடுத்துப் பார்த்தால், தண்டனை பெற்றவர்களில் ஏஜென்ட் ஒருவர்கூட இல்லை.

2024 செப்டம்பர் 10 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வீரர் தகுதிநிலைக் குழு அந்த உத்தரவைப் போட்டது. மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போன தடுப்பாட்டக்காரர் அன்வர் அலிக்கு நான்கு மாதத் தடை. அவரும் டெல்லி எஃப்.சி.யும் ஈஸ்ட் பெங்காலும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும். டெல்லி எஃப்.சி.யும் ஈஸ்ட் பெங்காலும் அடுத்த இரண்டு பதிவுக் காலங்களில் புதிய வீரர் யாரையும் சேர்க்கக் கூடாது. விவகாரம் உடனே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மூன்றே நாளில் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது, அன்வர் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் களமிறங்கினார். சட்டச் சிக்கலை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். இதில் முடிவெடுத்தது யார் என்பதுதான் எனக்குக் கேள்வி.

அன்வர் பஞ்சாபின் ஆதம்பூர்க்காரர். மினெர்வா அகாடமியில் வளர்ந்து, 2017இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடினார். அடுத்த ஆண்டு ஸ்பெயினில் அர்ஜென்டினாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணியை இந்தியா 2-1 என்று வென்றபோது, வெற்றிக் கோலை ஃப்ரீ கிக்கில் அடித்தவர் அவர்தான். மும்பை சிட்டி அவரை எடுத்தது. 2019இல் இதயக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஒப்பந்தம் போட்டும் ஆட முடியவில்லை, கூட்டமைப்பு தடுத்தது. ஆடும் உரிமைக்காக ஓர் இளைஞன் நீதிமன்றப் படியேறினான். அனுமதி கிடைத்தபின் அவருக்கு வீடாக இருந்தது டெல்லி எஃப்.சி. அதன் உரிமையாளர் ரஞ்சித் பஜாஜ்தான் மினெர்வா அகாடமியையும் நடத்தியவர். அங்கிருந்து லோனில் எஃப்.சி. கோவா, பிறகு 2023இல் நான்காண்டு லோனில் மோகன் பகான். ஓராண்டு ஆடி லீக் ஷீல்டும் வென்றபின் 2024 கோடையில் அன்வர் அந்த லோனை முறித்துக்கொண்டார். டெல்லி எஃப்.சி. வழியாக ஈஸ்ட் பெங்காலோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தது.

லோனில் போகும் வீரர் ஆடுவது ஒரு கிளப்புக்கு, ஆனால் அவரை விற்கும் உரிமை இன்னொரு கிளப்பிடம் இருக்கும். லோன் என்பது ஓராண்டைத் தாண்டக் கூடாது என்று ஃபிஃபா 2022இல் விதித்திருக்க, நான்காண்டு லோன் எப்படிச் செல்லும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதைவிட முக்கியமானது வேறு. எல்லோரும் கைவிட்ட நேரத்தில் கூட நின்றவர் சொல்லும் வார்த்தையை எந்த வீரன் தட்டுவான்? பஜாஜ் என்ன ஆலோசனை சொன்னார், அது சரியா தவறா என்பது என் வாதம் அல்ல. வளர்த்தவர் என்ற உறவும் உரிமையாளர் என்ற லாபக் கணக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் வாதம். அந்த நாற்காலிக்கு உரிமம் வேண்டாம், தேர்வு வேண்டாம், கமிஷன் வரம்பும் கிடையாது.

கொல்கத்தாவுக்கு இது பழக்கமான நாற்காலி. ஏஜென்ட் என்ற சொல் அங்கே வருமுன்பே, 1970களிலும் 80களிலும், வீரர்களை நகர்த்தியவர்கள் கிளப் பிரமுகர்கள். ஈஸ்ட் பெங்காலின் ஜீவன் சக்ரவர்த்தி, பல்டு தாஸ் ஜோடியைப் பற்றி மைதானத்தில் இன்றும் கதை சொல்வார்கள். மாற்றல் பருவம் வந்தால் சூட்டர்கின் தெருவில் உள்ள, வங்கக் கால்பந்து அமைப்பான ஐ.எஃப்.ஏ.யின் அலுவலகம் கோட்டை முற்றுகை போல இருக்கும். எதிரணி கண்ணில் படாதபடி வீரரை எங்கோ ஒளித்துவைத்து, கையெழுத்து நாளன்று ஆள்படையோடு கொண்டுவந்து இறக்குவார்கள். கிருஷானு தேயும் பிகாஷ் பாஞ்சியும் 1985இல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குச் சேர்ந்தே போனது இந்தச் சூழலில்தான். ‘தாதா’ என்றழைக்கும் பிரமுகரின் வாக்கு, கொஞ்சம் ரொக்கம், ஒரு வங்கி வேலைக்கான உறுதி, வீட்டில் அம்மாவுக்கு ஒரு மரியாதை எல்லாம் சேர்ந்ததுதான் அன்றைய ஒப்பந்தம். அதை ரசித்துப் பேசுகிறவர்கள், வீரருக்கென்று பேச அந்த அறையில் யாருமே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஏஜென்ட் வந்தது அந்தக் காலி இடத்துக்குத்தான்.

இன்றைய கொல்கத்தாவில் அந்த ஆட்டத்தின் ஒரு முனை நியூ டவுனுக்கு நகர்ந்திருக்கிறது. மாநில அரசு கொடுத்த நிலத்தில், ஃபிஃபாவின் உதவியோடு, கூட்டமைப்பின் தேசியச் சிறப்பு மையம் அங்கே எழுந்திருக்கிறது. இளையோர் ஆட்டங்களும் பயிற்சி முகாம்களும் நடக்கும் இடத்தில் திறமை தேடுகிறவர்களும் கூடுவார்கள். மணிப்பூரிலிருந்தோ மிசோரமிலிருந்தோ வந்த பதினாறு வயதுப் பையனுக்கு நல்ல புல்தரை, மருத்துவர், பயிற்சியாளர் எல்லாம் கிடைக்கலாம். ஆங்கிலத்தில் முப்பது பக்கம் ஒப்பந்தம் ஒன்றை யாராவது நீட்டினால் படித்துச் சொல்ல அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

சரி, ஏஜென்டின் கணக்கு என்ன? ஃபிஃபா 2023இல் கொண்டுவந்த விதிகளின்படி உரிமம் பெறத் தேர்வு எழுத வேண்டும். ஒரு வீரரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. சிறுவரை அணுகுவதென்றால் அந்த நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயதுக்கு ஆறு மாதம் முன்புதான் அணுகலாம், அதற்கும் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். ஆண்டுச் சம்பளம் 2 லட்சம் டாலருக்குள் இருந்தால் வீரரிடமிருந்து அதிகபட்சம் 5 சதவீதம், அதற்கு மேல் உள்ள தொகைக்கு 3 சதவீதம். ஐரோப்பிய நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்ததால் இந்த உச்சவரம்பு உள்ளிட்ட சில விதிகளை 2023 டிசம்பர் கடைசியில் ஃபிஃபாவே உலகெங்கும் நிறுத்திவைத்தது. அந்த வரம்பை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வாங்கும் இளம் வீரரிடமிருந்து ஏஜென்டுக்கு வருவது ஒரு லட்சம். அதில் பயணச் செலவு, வழக்கறிஞர் செலவு எல்லாம் அடங்க வேண்டும். பிழைப்பு நடக்க வேண்டுமானால் கையில் முப்பது நாற்பது பையன்கள் வேண்டும். நாற்பது பேரில் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து வாடுவதைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம்? இரண்டாண்டுக்குள் சம்பளம் உயர வேண்டும், இல்லையென்றால் பையன் வேறு ஏஜென்டிடம் போய்விடுவான். சம்பளம் உயர எளிய வழி கிளப் மாறுவது. ஏஜென்ட் நல்லவரா கெட்டவரா என்பதற்கு முன்பே, கணக்கு அவரை அந்தத் திசையில் தள்ளுகிறது.

சாதாரண ஏஜென்டின் இந்த நிலையை மீனோ ரயோலா போன்ற உலகப் பிரபல ஏஜென்டுகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2016இல் பிரெஞ்சு வீரர் போக்பா 10 கோடி யூரோவுக்கு மேல் விலைபோனபோது ரயோலாவின் பங்கு பற்றி உலகமே பேசியது. நம் ஊரில் அந்த அளவுப் பணம் கிடையாது. அதனாலேயே இங்கே ஆபத்தும் வேறு மாதிரி: பேராசையைவிட அலட்சியம்தான் அதிகம் கெடுக்கிறது.

கிளப் மாறுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நியூ டவுனிலிருந்து அதிகத் தொலைவில்லாத சால்ட் லேக் அரங்கில் 2017 அக்டோபரில் இங்கிலாந்தின் 17 வயதுக்குட்பட்டோர் அணி ஆடியது. அதில் இரண்டு பையன்கள், இருவரும் மான்செஸ்டர் சிட்டியின் பயிற்சிப் பள்ளியில் ஆடியவர்கள். ஜேடன் சாஞ்சோ அந்தக் கோடையில்தான் ஆட இடம் தேடி ஜெர்மனியின் டார்ட்மண்டுக்குப் போயிருந்தார். லீக் சுற்று முடிந்ததும் கிளப் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஃபில் ஃபோடன் சிட்டியிலேயே தங்கிவிட்டவர். அவர் அதே அரங்கில் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 5-2 என வென்று, போட்டியின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். இருவருமே பின்னாளில் இங்கிலாந்தின் தேசிய அணிக்கு ஆடினார்கள். இளைஞர்களுக்கு எத்தனை நிமிடம் களம் கொடுக்கிற கிளப் டார்ட்மண்ட் என்பது ஊரறிந்த விஷயம். தகவல் கையில் இருந்தது, முடிவு எடுக்க முடிந்தது.

தமிழ் வாசகர்களுக்கு நெருங்கிய உதாரணம் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரிக் கடலோரத்தின் இரவிபுத்தன்துறைக்காரர். சென்னை சிட்டியில் கவனம் பெற்று, ஜாம்ஷெட்பூர் போய், 2019இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்கு மாறினார். 90 லட்சம் ரூபாய் மாற்றல் தொகை என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. முதல் ஆண்டிலேயே கோப்பை. அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டத்தில் முழங்கால் காயம். காயத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நல்ல ஏஜென்ட் வேலை செய்ய வேண்டிய இடம் அந்தக் காயத்துக்குப் பின்னால் வரும் ஒப்பந்த வரிகள்தான்: காயத்தின்போது சம்பளம் முழுதாக வருமா, அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, மறுவாழ்வுப் பயிற்சி எங்கே. தொகையைப் பேசும்போது இந்த வரிகளைப் பேசுகிறவர் எத்தனை பேர்?

2025இல் இந்தக் கேள்வி எல்லோர் வீட்டுக்கும் வந்தது. கூட்டமைப்புக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இருந்த 15 ஆண்டு உரிமை ஒப்பந்தம் முடியும் நேரம், புதியது கையெழுத்தாகவில்லை. ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாட்டை நிறுத்தியது. மூத்த வீரர்களுக்குச் சேமிப்பாவது இருந்தது. முதல் ஒப்பந்தம் போட்ட பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு எதுவும் இல்லை. அன்றைக்கு அவர்கள் போன் செய்தது ஏஜென்டுக்கும் அகாடமிக்காரருக்கும்தான். ஏனென்றால் வேறு எண் அவர்களிடம் இல்லை.

அந்த வேறு எண்ணைக் கொடுப்பதுதான் கூட்டமைப்பின் வேலை என்று நினைக்கிறேன். நியூ டவுன் மையத்தில் உடற்பயிற்சி நிபுணர் இருப்பதுபோல, எந்தக் கிளப்பிடமும் சம்பளம் வாங்காத ஒரு வழக்கறிஞர் உட்கார வேண்டும். வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து அதை நடத்தலாம். இருபது வயதுக்குள் இருப்பவருக்கு ஒப்பந்தம் அவருடைய தாய்மொழியிலும் கையில் தரப்பட வேண்டும். கையில் கொடுத்த நாளுக்கும் கையெழுத்துக்கும் இடையே குறைந்தது ஏழு நாள் இருக்க வேண்டும். அகாடமி நடத்துகிறவரே அந்த வீரரின் மாற்றலில் பணம் பார்ப்பவராக இருந்தால், அதை எழுதித் தர வேண்டும்.

ஏழு நாளில் போட்டிக் கிளப் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பிரமுகர்கள் சொல்வார்கள். சூட்டர்கின் தெரு நாட்களில் அது சரியான பயம்தான். இப்போது எந்த வீரரின் பதிவும் கூட்டமைப்பின் மையப் பதிவு அமைப்பு வழியாகத்தான் நடக்கிறது. ஒப்பந்த நகல் கையில் தரப்பட்ட தேதிக்கு அதில் ஒரு கட்டம் சேர்த்து, ஏழு நாள் ஆகாத விண்ணப்பத்தைக் கணினி ஏற்காதபடி செய்துவிட்டால், அந்தத் தாமதம் எல்லாக் கிளப்புக்கும் ஒன்றுதான்.